மலைக்கு மூட்டை கட்டியவர்

அவருக்குப் பேர் இருந்தது. நான் எழுதமாட்டேன். அவருடைய பேரன் பேத்திகள் படித்தால் வருத்தப்படுவார்களே என்ற தாட்சண்யமெல்லாம் இல்லை; அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு நாக்குக் கசக்கிறது, அவ்வளவுதான். பண்ணையில் எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷங்கள். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே ஆற்றை ஒட்டி ஒரு பெரிய பண்ணை வீடு. அங்கே நான் தவசிப்பிள்ளையாக இருந்தேன். சமையல்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் இலையில் உப்புக் கூடிவிடும். அப்படி ஒரு வயசு, அப்படி ஒரு கோபம். பண்ணையாருக்கு வேட்டைப் பைத்தியம். மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் போதும், எங்கிருந்தாவது ஒரு துரை ரயிலில் வந்து இறங்குவார். அவரைக் கூட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே மலையேறினால் ஒரு வாரமோ பத்து நாளோ காட்டுக்குள்ளேயே இருப்பு. அத்தனை நாளைக்கும் வேண்டியதைக் கட்டி, சுமையாட்களைப் பிடித்து, மேலே கொண்டு சேர்த்து, திரும்பக் கீழே இறக்குவது அண்ணாச்சி வேலை. துப்பாக்கி பிடித்தவர்கள் பேர்தான் ஊரில் அடிபடும். அண்ணாச்சி இல்லாவிட்டால் அவர்களால் மலையில் பல் விளக்கக்கூட முடியாது.

வேலைக்காரர் என்றால் வேலைக்காரர். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புறவாசலில் பெரிய பாயை விரித்து, சாமான் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தோட்டாப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, துரையின் பிராந்திப் புட்டிகள், தோல் பாடம் பண்ண உப்பு, அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும், காய்ச்சலுக்குக் கொயினா. ஒவ்வொரு மூட்டையையும் கட்டி முடித்ததும் காதோரம் வைத்துக் குலுக்குவார். கிணுங் என்று ஒரு சத்தம் கேட்டால் போச்சு, மறுபடி அவிழ்ப்பார். நான் கொடுத்த அப்பளக் கட்டை இரண்டு தகரத் தட்டுக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் அவலைத் திணித்துக் கட்டுவார். மலைக்கு மேலே, அத்தனை குலுக்கலுக்கும் பிறகு, ஒரு அப்பளம் விண்டிருக்காது. துரைக்கு முழு வட்டமாகப் பொரித்துப் போட்டுப் பேர் வாங்கியிருக்கிறேன்.

இது எதற்கு, அது எதற்கு என்று யாராவது கேட்டால் அவரிடம் இருந்தது ஒரே பதில்தான்.

“வந்துட்டா?”

தை மாசத்தில் எதற்கு அண்ணாச்சி இத்தனை தார்ப்பாய் என்று கேட்டேன். “மழை வந்துட்டா?” கொயினா எதற்கு இத்தனை? “எல்லாவனுக்கும் ஒண்ணா காய்ச்சல் வந்துட்டா?” ஒருநாள் சாக்கின் அடியில் மடிப்புக் கலையாத கோடித்துணி ஒன்று இருந்ததைப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது.

“இது என்னத்துக்கு அண்ணாச்சி?”

“சாவு வந்துட்டா?”

“நல்ல காரியத்துக்குப் போகும்போது பேசுற பேச்சா இது? பண்ணையார் காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“பண்ணையாருக்கு ஏன்வே சாவு வருது? இது சுமையாளுக்கு. நீளத்தைப் பாரும். அவுகளுக்குன்னா இது காணுமா?” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவாவது செய்தாரா? இல்லை. மடித்து உள்ளே வைத்தார்.

சாமானைத் தேர்ந்தெடுக்கிற மாதிரியேதான் ஆளையும் தேர்ந்தெடுப்பார். சுமையாட்களை வரிசையாக நிறுத்தி, தோளை அழுத்திப் பார்ப்பார், முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், முதுகில் ஒரு குத்துக் குத்துவார். இருமினால் போய்விட வேண்டியதுதான். இருமல் சத்தத்துக்கு மிருகம் விலகிவிடுமாம். ஒரு தடவை கீழே நன்றாக இருந்த ஒருவனுக்கு ஏற்றத்தில் குளிர்க்காற்றுப் பட்டு இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி அவனுடைய தலைத்துண்டையே அவிழ்த்து வாயில் திணித்து, பிடரியில் முடிச்சுப் போட்டு, அப்படியே சுமையோடு ஏற்றினார். அவன் கண் பிதுங்கி நடந்தான்.

“மூச்சு முட்டிச் செத்துருவான், அண்ணாச்சி” என்றேன்.

“மூக்கு எதுக்குவே இருக்கு?” என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். சிறுத்தையை வரவழைக்க ஆட்டுக்குட்டியைக் கட்டிப்போட்டு மரத்தின்மேல் காத்திருப்பார்கள். குட்டி விடாமல் கத்தினால்தான் சிறுத்தை வரும். அந்தக் குட்டியை வாங்கப் போகிறபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக்காரன் கொழுத்த குட்டியாக ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். அண்ணாச்சி வேண்டாம் என்றார். பால் மறக்காத குட்டிகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தாயிடமிருந்து பிடுங்கி, கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுப் பார்த்தார். எது அதிகமாகக் கத்துகிறது, எந்தத் தாய் அதிகமாகக் கதறுகிறது என்று. தாய் பதில் குரல் கொடுத்தால் குட்டி இன்னும் நன்றாகக் கத்துமாம். கடைசியில் நிற்கக்கூட வராத ஒரு வெள்ளைக் குட்டியை எடுத்து, “இது தேறும்” என்று இடுப்பில் வைத்துக்கொண்டார். வருகிற வழியெல்லாம் அதற்குத் தன் விரலைச் சப்பக் கொடுத்துக்கொண்டு வந்தார். பாவி, அதைப் பார்த்து நான் உருகிப்போனேன். பசி தாங்காமல் வழியிலேயே தொண்டை கட்டிவிட்டால் மலையில் கத்தாது, அதற்காகத்தான் என்று பிறகு அவரே சொன்னார்.

இப்போது சுடலைமுத்து விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதினது அதற்காகத்தான்.

மலையேறுகிறதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. சாஸ்தா கோயில் வாசலில் சுமையாட்கள் எல்லாரும் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறவன் வேட்டைக்குப் போகக் கூடாது. போனால் இரண்டு கேடு. ஒன்று, மிருகம் கண்ணில் படாது. இன்னொன்று, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. அண்ணாச்சி ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கேட்பார்: “வீட்டுல முழுகாம இருக்காளா?” இல்லை என்கிறவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஆமாம் என்கிறவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் பக்கத்தில் யாரும் அதில் பொய் சொல்லமாட்டார்கள்.

பிசான நெற்பயிர் காய்ந்துபோன வருஷம் அது. வயலில் வேலை இல்லை. சுடலைமுத்து ஆற்றுக்கு வடக்கே ஏதோ ஒரு ஊர்க்காரன்; மற்ற சுமையாட்களுக்கு அவனைப் பழக்கமில்லை. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவன் பெண்டாட்டிக்கு முதல் பிள்ளை. மலையேறுகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் புறவாசலில் வந்து நின்றான். நான் அடுக்களை வாசலில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன், பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

“ஐயா, வீட்டுல முழுகாம இருக்கா. நான் மலைக்கு வரக் கூடாது. இங்கன தொழுவத்துல, கிழுவத்துல ஏதாவது வேலை இருந்தா குடுங்கய்யா. பேறுகாலத்துக்கு வீட்டுல ஒரு மணி அரிசி கிடையாது.”

“எத்தனை மாசம்லே?”

“ஒம்பதுய்யா.”

அண்ணாச்சி முறுக்கிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், “இங்கன வேலை இல்லலே. மலைக்கு வா. நாளைக்குக் கேக்கும்போது இல்லைன்னு சொல்லிரு” என்றார்.

“சாமி குத்தம் ஆயிராதாய்யா?”

“அந்தக் குத்தம் என் தலையோட போவட்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறக்குது, கஞ்சி வேண்டாமா? யாருட்டயும் மூச்சு விடாத. போ.”

சுடலைமுத்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளைத் தப்பாக அல்லவா நினைத்துவிட்டோம், இந்தக் கல்லுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கிறதே என்று அன்றைக்கு அண்ணாச்சிக்கு மட்டும் தயிரில் ஏட்டைத் தனியாக எடுத்து ஊற்றினேன். அவர் வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் சுடலைமுத்து கற்பூரத்தை அணைத்தான். அண்ணாச்சி அடுத்தவனுக்குப் போய்விட்டார்.

அந்தத் தடவை வேட்டை அமையவில்லை. சிறுத்தை இல்லை, மிளா மான் இல்லை, ஒரு காட்டுப்பன்றிகூடக் குறுக்கே வரவில்லை. ஏன் வரும்? வந்திருந்த துரை காலையில் கண் விழித்ததிலிருந்து சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. மரத்தின்மேல் காத்திருக்கிற இடத்திலும் புகைதான். எனக்கே அடுப்புப் புகையைத் தாண்டி அந்த நாற்றம் வந்தது, மிளாவுக்கு வராதா? சுமையாள் முதல் பண்ணையார் வரை எல்லாருக்கும் தெரியும். துரையிடம் யார் சொல்வது? அவர் முகம் நாளுக்கு நாள் சிவந்துகொண்டு வந்தது. பண்ணையாருக்கு அவரிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் காலையில், இட்டிலியை ஆறவிட்டுவிட்டு, பண்ணையார் அண்ணாச்சியின் மேல் பாய்ந்தார்.

“ஏற்பாடு பண்ணுன லட்சணமாய்யா இது? என் மானத்தை வாங்கிட்டீரே! இனி என் வாசப்படி ஏறப்படாது!”

அண்ணாச்சி பதறவில்லை. சுமையாட்கள் குந்தியிருந்த பக்கம் திரும்பினார்.

“ஏலே சுடலைமுத்து. இங்கன வா. உன் வீட்டுக்காரிக்கு எத்தனை மாசம்?”

அவன் எழுந்து வந்தான். கேட்டது சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தவன் போல நின்றான்.

“ஐயா... உங்களுக்குத் தெரியும்லாய்யா.”

“எனக்கு எப்படிலே தெரியும்? சாமி முன்னால கற்பூரத்தை அணைச்சு இல்லைன்னு சொன்னவன் யாரு, நீயா நானா? இப்பச் சொல்லு. பிள்ளைத்தாய்ச்சியா இல்லையா?”

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இரண்டாம் தடவை பொய் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். “அண்ணாச்சிதானே வரச் சொன்னாவ! புறவாசல்ல வச்சு, நான் கேட்டேனே!” என்று கத்தினேன். பண்ணையார் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். அடித்து ஓய்ந்தபோது கூட வந்த சுமையாட்கள், நேற்றுவரை அவனோடு ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள், ஒவ்வொருத்தனாக எழுந்து வந்து காறித் துப்பினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரனோடு மலையேறிவிட்டோமே, நமக்கும் ஏதாவது ஆகுமோ என்ற பயம் அவர்களுக்கு.

துரை என்ன விஷயம் என்று கேட்டார். பண்ணையார் விளக்கிச் சொன்னார். துரைக்கு அந்தக் கதை ஒரு மிளாவைவிடப் பிடித்துப்போயிற்று. தொடையில் தட்டிச் சிரித்தார், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், பண்ணையார் தோளில் கை போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது.

சுடலைமுத்துவைத் தனியாகக் கீழே இறங்கச் சொன்னார்கள். யானைத் தடம் உள்ள வழி. அவன் போர்த்தியிருந்த கம்பளியை அண்ணாச்சி உருவி எடுத்தார். “பண்ணைச் சாமான்” என்றார். நான் ஓடிப்போய் ஒரு கட்டுச்சோறு கொடுத்தேன். அதை வாங்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை. “சாமி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்று மட்டும் கேட்டான். “ஒண்ணும் ஆகாதுலே, ஓடு, வெரசா வீட்டுக்குப் போ” என்றேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது சேதி காத்திருந்தது. பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. சும்மா விடுமா ஊர்? சுமையாட்கள் கொண்டுவந்த கதையும் இந்தச் சாவும் சேர்ந்துகொண்டன. ஆற்றில் குளிக்கிற பெண்கள் சுடலைமுத்து பெண்டாட்டியைப் பார்த்தால் படித்துறையை விட்டு ஏறிப்போனார்களாம். அவளுடைய அண்ணன்மார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையைக் கொன்றவன் வீட்டில் எங்கள் பெண் இருக்கமாட்டாள் என்று நடுத்தெருவில் நின்று சொன்னார்களாம்.

அன்றைக்கு அண்ணாச்சி பயத்தில் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன் பிழைப்புப் போகிறதே என்று ஒரு நிமிஷத்தில் மனசு கெட்டுப்போவது யாருக்கும் உண்டு. அதற்குமேல் நினைக்க எனக்கு மூளை போதவில்லை.

அடுத்த வருஷம் வேட்டை நன்றாக அமைந்தது. போன முதல் நாளே பெரிய மிளா விழுந்தது. எல்லாரும் சந்தோஷமாக இறங்கினோம். அடிவாரத்தில் சுமையாட்களில் ஒருவன் அண்ணாச்சி காலில் விழுந்து, “உங்க புண்ணியம்யா, பிள்ளை பிறந்தா உங்க பேருதான்” என்று கும்பிட்டுவிட்டு ஓடினான். எனக்குச் சுருக்கென்றது.

பண்ணைக்குத் திரும்பிய பிறகு அண்ணாச்சி பாயை விரித்து மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, அவன் வீட்டுலயும் முழுகாம இருக்காளோ?”

“ஆமா.”

“தெரிஞ்சா கூட்டிட்டுப் போனீங்க?”

அவர் கொயினாப் புட்டியை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். மூடிகூடத் திறக்கவில்லை. “காய்ச்சல் வரலை. அதுக்காக இதைக் கொண்டுபோனது தப்பாவே? வேட்டை அமையாமப் போறது மட்டும் வராதா? வந்துட்டா? பெரிய மனுசன் கோவத்துக்கு ஒரு ஆள் வேணும். அந்த நேரத்துல எங்கன போய்த் தேட? அதனால வருசா வருசம் ஒருத்தனைக் கூட்டத்தோட ஏத்திருவேன். போன வருசம் வேண்டியிருந்துது. இந்த வருசம் வேண்டியிருக்கலை. அவனும் கூலி வாங்கிட்டுச் சந்தோசமாப் போறான். யாருக்கு என்ன நட்டம்?”

“செத்த பிள்ளை, அண்ணாச்சி?”

“அது எப்படியும் செத்துருக்கும்வே. மலைக்குப் போனதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? நீரு இதையெல்லாம் நம்புதீரா?” என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அந்த நம்பிக்கைகூட அவருக்குக் கிடையாது! கற்பூரத்தை ஏற்றி, பேர் சொல்லி, முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்கிற மனுஷன்!

அன்றைக்கே ஆற்றைத் தாண்டிப் போனேன். சுடலைமுத்து ஒரு பனையடியில் மட்டைக் கருக்கு வெட்டிக்கொண்டிருந்தான். பாதி ஆளாக இருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அந்தச் சவத்துப் பயல் வேண்டுமென்றே உன்னைக் கொண்டுபோனான், உன் மச்சினன்மாரிடம் நான் வந்து சொல்கிறேன், கிளம்பு என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

“அவரு கூப்பிட்டாரு சாமி. சரி. நான்தானே போனேன்?”

“பிள்ளை அதனால சாகலைலே!”

“அப்பிடிச் சொல்லாதிய. எதனாலன்னு தெரிஞ்சாவது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டான். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவன் அடுத்த மட்டையை வெட்டப் போய்விட்டான். திட்டிவிட்டுத் திரும்பினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நான் அந்த அடுக்களையில்தான் இருந்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. இடையில் எனக்கும் கல்யாணமாயிற்று. அடுத்த தை வந்தது. பாய் விரித்தாயிற்று, கயிறு முறுக்கியாயிற்று. நான் முன்கூட்டியே போய்ச் சொன்னேன்.

“அண்ணாச்சி, இந்தத் தடவை மலைச் சமையலுக்கு வேற ஆளைப் பாருங்க. என் வீட்டுலயும் முழுகாம இருக்கா.”

அண்ணாச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் தோளில் கையை வைத்தார். மூட்டை நிறை பார்ப்பாரே, அந்த அழுத்தம்.

“நல்லதாப் போச்சு. நானே உம்மைக் கேக்கணும்னு இருந்தேன். நீரே வாரும். உமக்குத்தான் விசயம் எல்லாம் தெரியுமே, பதறமாட்டீரு. வேட்டை அமைஞ்சா ஒண்ணுமில்லை. அமையலைன்னா நாலு செருப்படி. உமக்கென்ன, இதையெல்லாம் நம்புற ஆளா நீரு?”

கேலி இல்லை, மிரட்டல் இல்லை. நல்ல சாமான் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்துவிட்ட நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது. நான் தோளை உதறிக்கொண்டு போய், கொதிக்கிற சாம்பாரைத் தொழுவத்தில் கவிழ்த்தேன். அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். பண்ணையாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டியை அவள் தகப்பன் ஊருக்குக் கிளம்பச் சொன்னேன். கொற்கைக்குப் பக்கம்; பொழுது சாய்வதற்குள் ஒரு மாட்டுவண்டி அகப்பட்டது.

வண்டி ஊரைத் தாண்டியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுடலைமுத்து கதை, கொயினாப் புட்டி, தோளில் வைத்த கை, எல்லாம். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். நான் முடித்ததும், “நீங்க போகலைன்னா வேற எவளோ ஒருத்தி வீட்டுக்காரன் போவான்லா?” என்றாள்.

போவான் என்றேன். வேறென்ன சொல்ல? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மலையேறுகிறவரா அண்ணாச்சி?